‘மாமி’ விலைப்பட்ட கதை

ஒரு பொருளை வாங்குவதற்குக் கையிற் பணம் இருந்தாற் போதும். அதனை விற்பதற்கோ பணத்தோடு சேராத வேறு சில குணங்களும் வேண்டியிருக்கின்றன. நம் முன்னோர் பசுவை விற்கும்போது, வாங்க வந்தவரின் வீட்டிலே வைக்கோற் போர் உண்டா, கட்டுத்தறிக்கு நிழல் உண்டா என்றெல்லாம் விசாரித்த பின்னரே கயிற்றைக் கைமாற்றினார்கள். காசு கொடுப்பவன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடப்பது அவர்களுக்கு முறையாகத் தோன்றவில்லை. மோட்டார் வண்டிக்கு உயிரில்லை, வைக்கோலும் வேண்டாம். ஆயினும் அதனை விற்கும் வேளையிலும் இத்தகைய விசாரணைகள் எழுவதுண்டு என்பதை அண்மையில் நாம் கண்ணாரக் கண்டோம். கண்டதை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வது பயன் தருமென எண்ணி இவ்வாரம் எழுதுகின்றோம்.

தெமட்டகொடையை அறியாத கொழும்புவாசிகள் இலர். பேஸ்லைன் வீதியின் இரைச்சலும், புகையிரத எஞ்சின்களைத் துடைத்துத் துலக்கி அனுப்பும் பெரிய கொட்டகையும் அவ்வூரின் அடையாளங்கள். அங்கிருந்து மருதானைப் பக்கமாகச் சற்று நடந்தால் பஞ்சிகாவத்தை வந்துவிடும். மோட்டார் வண்டிகளின் உதிரிப்பாகங்களுக்கு இலங்கையில் அதற்கு நிகரான சந்தை வேறில்லை. நேற்றிரவு நம் வண்டியிலிருந்து களவுபோன விளக்கை இன்று காலை அங்கே நாமே விலை கொடுத்து வாங்கி வரலாம் என்று கொழும்பிலே வேடிக்கையாகச் சொல்வார்கள். எஞ்சின் கொட்டகையும் உதிரிப்பாகச் சந்தையும் அடுத்தடுத்து அமைந்த ஊரிலே இரும்பைப் பேசவைக்கும் கைகள் உருவாவது இயல்புதானே!

அத்தகைய கைகளை உடையவராய் எமது அயலில் ஒரு பெரியவர் வாழ்ந்தார். புகையிரதப் பகுதியிலே போர்மனாக இருந்து 2004இல் ஓய்வு பெற்றவர். அவரிடம் 1954ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட ‘றோவர் 90’ சலூன் கார் ஒன்று இருந்தது. தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்ற 1975ஆம் ஆண்டிலே, தாயகம் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் அவர் அதனைக் குறைந்த விலைக்கு வாங்கினார். அவர் வீட்டார் அக்காரை ‘மாமி’ என்றே அழைப்பர். காரணம் உண்டு. ஆங்கிலேயரும் இந்த வகைக் காருக்குத் தம் மொழியிலே அப்படித்தான் செல்லப்பெயர் இட்டிருந்தனர். ஆடம்பரம் காட்டாத உடை, அளந்து வைக்கும் நடை, யாரையும் பதறவைக்காத பேச்சு, ஆனால் வீட்டிலே அவர் சொன்னால் மறுபேச்சில்லை. இப்படி ஒரு மாமி எந்தக் குடும்பத்தில்தான் இல்லை?

இக்காரின் குலம் கோத்திரம் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். றோவர் என்னும் பெயர் முதலில் மோட்டார் வண்டிக்கு உரியதன்று. கொவன்றி நகரிலே ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் 1885இல் செய்த சைக்கிளுக்கே அப்பெயர் வாய்த்தது. சம அளவான இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியுமாக இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் வடிவத்தை உலகிற்கு நிலைநாட்டியது அதுவே. போலந்து மொழியிலே இன்றும் சைக்கிளுக்கு வழங்கும் சொல் இந்தப் பெயரிலிருந்தே பிறந்தது. பின்னர் அக்கம்பனி மோட்டார் உற்பத்தியில் இறங்கிற்று. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் சொலிஹல் என்னும் ஊரிலே 1949 முதல் 1964 வரை இந்த மாமி வகைக் கார்களை ஏறத்தாழ ஒரு லட்சத்து முப்பதாயிரம் வரையிற் செய்து வெளியிட்டது. வைத்தியர்களும் வழக்கறிஞர்களும் வங்கி முகாமையாளர்களும் அதனை விரும்பி வாங்கினர். ரோல்ஸ் றோய்ஸ் வாங்க வசதியில்லை, மலிவான காரில் ஏற மனமில்லை என்றிருந்தோர்க்கு அது ஏற்ற வாகனமாயிற்று.

மாமியின் உட்புறம் தோல் இருக்கைகளும் மெருகிட்ட மரப்பலகையுமாக ஒரு பழைய நூலகம்போல் விளங்கும். முன்பலகையின் கீழே ஒரு சிறு இழுப்பறை. அதனை இழுத்தால், ஒவ்வொன்றும் தன் தன் குழியிலே படுத்திருக்கும் ஆயுதங்களைக் காணலாம். ஆறு சிலிண்டர்களைக் கொண்ட 2,638 கன சென்ரிமீற்றர் எஞ்சினில், காற்றும் பெற்றோலும் புகும் வால்வுகள் மேலேயும், புகை வெளியேறும் வால்வுகள் பக்கத்திலுமாக அமைந்திருக்கும். கதவுகளும் எஞ்சின் மூடியும் பின்பெட்டி மூடியும் இரும்பாலானவையல்ல; அலுமினியக் கலப்பு உலோகத்தாலானவை. யுத்தத்தின் பின் இங்கிலாந்தில் உருக்குத் தகடு கிடைப்பது அரிதாயிருந்த காலத்து ஏற்பாடு அது. பிற்காலத்தில் அதுவே இவ்வண்டிக்குப் பெரும் பேறாயிற்று. கொழும்பின் உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்ன முடியாமல் தோற்றுவிடுகிறது. ஆனால் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஈரம் நின்றால் அரிப்பு அங்கே ஆரம்பித்துவிடும். வாங்குவோர் முதலில் விரல் வைத்துப் பார்க்கவேண்டிய இடங்களும் அவையே.

அந்தக் காரின் இலக்கத் தகட்டைப் பற்றிச் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. 1950களின் நடுப்பகுதி வரை இலங்கையில் வண்டிகளுக்கு ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துக்கள் வழங்கப்பட்டன. 1957இன் தொடக்கத்தில் அவற்றின் இடத்துக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ வந்தது. அதனைத் தொடர்ந்து எழுந்த எதிர்ப்பும், 1958இல் வடக்கே ஸ்ரீ எழுத்தின் மீதும் தெற்கே தமிழ்ப் பெயர்ப் பலகைகளின் மீதும் பூசப்பட்ட தாரும், அவ்வாண்டு மே மாதத்தில் மூண்ட கலவரமும் வரலாறு. 1954இற் பிறந்த மாமி தன் பழைய ஆங்கில எழுத்துக்களுடனேயே நின்றுவிட்டாள். அவள்மீது எவரும் தார் பூசவில்லை.

ஆனால் 1983 ஜூலையிலே எழுத்தைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. உரிமையாளன் தமிழன் என்பது ஒன்றே போதுமாயிருந்தது. வீதிகளிலே வண்டிகள் எரிந்த அந்நாட்களில், அயலிலிருந்த ஒரு முஸ்லிம் அன்பர் மாமியை இரவோடிரவாகத் தம் மரக்காலைக்குள் தள்ளிச் சென்று, பலகைகளை அடுக்கி மறைத்து வைத்தார். குடும்பத்தினர் அகதி முகாமிலிருந்து திரும்பியபோது வீட்டின் கதவுகள் இருக்கவில்லை. மாமி இருந்தாள்.

இனி, பழைய ஆங்கிலக் கார்கள் இந்நாட்டில் இத்தனை காலம் எவ்வாறு உயிர் தப்பின என்ற கேள்வி எழும். அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களின் தொடக்கத்திலிருந்து கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருந்த வண்டிகளையே ஓட்டித் தீரவேண்டிய நிலை. கிடைக்காத பாகத்தை லேத்துப் பட்டறையிலே கடைந்தெடுத்தார்கள், வார்ப்பிலே ஊற்றினார்கள், வேறொரு வண்டியின் பாகத்தை அராவிப் பொருத்தினார்கள். அந்தக் கைத்திறனின் பெருமைக்கு ஒரு சான்று: 1990களில் மொறிஸ் மைனர் காருக்குரிய பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. கொடுத்தவனுக்கே திருப்பிக் கொடுத்த வித்தை அது!

எமது பெரியவர் ஓய்வு பெற்ற மறுவருடம் காரைக் கழற்றத் தொடங்கினார். ஏழு வருடங்கள் அது வீட்டு முற்றத்திலே எலும்புக்கூடாகக் கிடந்தது. ரிங்கர் வேலைக்கு மாளிகாவத்தையிலிருந்து ஒரு பாஸ், குஷன் வேலைக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர், எஞ்சினுக்கு அவரே. கழற்றிய ஒவ்வொரு ஆணியையும் சிறு புட்டிகளிலே இட்டு, எங்கிருந்து எடுத்தது என்று தமிழிலே சீட்டு ஒட்டி வைப்பார். ஒரு பயிற்சிப் புத்தகத்திலே செலவையும் வேலையையும் நாள்தோறும் குறித்து வந்தார். 2012இல் மாமி எழுந்து நடந்தாள். 2021இல் பெரியவர் காலமானார்.

அவருடைய நோய்க்குச் செலவிட்ட வகையில் அம்மையாரின் நகைகளிற் பெரும்பகுதி அடகுக் கடைக்குப் போயிருந்தது. அதற்கடுத்த வருடம் நாடு கண்ட பொருளாதார நெருக்கடியும், பெற்றோலுக்கு வரிசையில் நின்ற துன்பமும் நேயர்கள் அறிந்தவையே. வட்டி ஏறிக்கொண்டு போயிற்று. கனடாவிலிருக்கும் மகன் தொலைபேசியில், “அம்மா, காரைக் குடுத்திட்டு நகையை மீட்டெடுங்கோ, அப்பாவும் அதைத்தான் சொல்லுவார்” என்று சொல்லிவிட்டார். அம்மையார் சென்ற வருடம் எம்மை அழைத்து, விற்பனை விளம்பரம் ஒன்றை எழுதித் தருமாறு கேட்டார்.

மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் எமக்கு விளம்பரம் எழுதுவது புதிது. உடன் வந்திருந்த ஒரு தரகர், “புத்தம் புதிது போன்றது, முழுவதும் அசல் என்று போடுங்கள் ஐயா” என்றார். அம்மையார் குறுக்கிட்டார்.

“தம்பி, பொய் ஒண்டும் எழுத வேண்டாம். முன்பக்கத்து இடது கதவு அசல் இல்லை. எண்பத்தெட்டிலை லொறி இடிச்சு, அவர் இரும்புத் தகட்டிலை செய்து போட்டவர். அதையும் போடுங்கோ.”

“அது யாருக்கம்மா தெரியப் போகிறது? பெயின்ற் அடித்த பின் எல்லாக் கதவும் ஒன்றுதானே!” என்றார் தரகர்.

“எனக்குத் தெரியுந்தானே” என்றார் அம்மையார்.

ஆகவே விளம்பரம் இவ்வாறு அமைந்தது: ‘1954 றோவர் 90. ஒரே குடும்பத்தில் 50 ஆண்டுகள். எஞ்சினும் அடிச்சட்டமும் பதிவுப் புத்தகத்துடன் ஒத்தவை. 2005 முதல் 2012 வரை புதுப்பிக்கப்பட்டது. வேலைக் குறிப்புகள் உண்டு. முன் இடது கதவு அசலன்று, இரும்பு. நேரிற் பார்க்கலாம்.’ எம் வாழ்நாளில் நாம் எழுதிய கட்டுரைகளுள் மிகச் சிறியதும், ஒருவேளை மிக நல்லதும், இதுவாகவே இருக்கலாம்.

பார்க்க வந்தோர் பலர். அவர்களுள் மூவரே நினைவில் நிற்கத் தக்கவர்.

முதலாமவர் கலியாண வீடுகளுக்கு அலங்காரக் கார் வாடகைக்கு விடுபவர். நல்ல மனிதர். ஆனால் பெற்றோல் செலவு கட்டுப்படியாகாது. ஆகையால் எஞ்சினைக் கழற்றிவிட்டு யப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டி, கறுப்பு நிறத்தை வெள்ளையாக்கப்போவதாகச் சொன்னார். வாங்குபவர் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வதைக் குற்றமென்று சொல்ல முடியாது. அம்மையார் அவருக்குத் தேநீர் கொடுத்து, யோசித்துச் சொல்வதாக அனுப்பினார்.

இரண்டாமவர் நம் தரகர் அழைத்து வந்தவர். அவர் காரைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. பதிவுப் புத்தகத்தையே கேட்டு வாங்கிப் புரட்டினார். மற்றெல்லோரிலும் மேலான விலையைச் சொன்னார். அந்தத் தொகையால் நகைகள் முழுவதையும் மீட்டு, கூரையையும் திருத்தலாம். ஆனால் ஒரு நிபந்தனை: உரிமை மாற்றப் பத்திரத்தில் அம்மையார் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடவேண்டும், வாங்குபவர் பெயரும் திகதியும் இப்போது நிரப்பப்படமாட்டா. இதற்குத்தான் நம் ஊரிலே ‘ஓப்பன் பேப்பர்’ என்று பெயர்.

இவ்விடத்திலே நேயர்கள் சற்று நின்று கவனிக்கவேண்டும். இந்த வழக்கம் நம்மிடையே மிகச் சாதாரணமாய்ப் போய்விட்டது. வண்டி மூன்று கை, நான்கு கை மாறும். பதிவேட்டிலோ முதல் உரிமையாளர் பெயரே நிற்கும். அந்த வண்டி ஒருவர் மேல் மோதினாலும், களவுப் பொருள் ஏற்றினாலும், பொலிசார் முதலில் வந்து தட்டுவது அந்தப் பழைய பெயருக்குரியவரின் கதவைத்தான். அன்றியும், இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கப்படும்வரை, பழைய வண்டிகளின் விலை வானளாவ உயர்ந்தது. வண்டியிலும் அதன் புத்தகத்துக்கே மதிப்பு என்ற நிலையும் சிலரிடத்தே தோன்றிற்று. பாகம் பாகமாக வந்து சேர்ந்த வேறொரு வண்டிக்குப் பழைய வண்டியின் இலக்கத்தைச் சூட்டிவிடும் மோசடிக்கு இத்தகைய புத்தகங்களே முதல். நாம் இதனை அம்மையாருக்கு எடுத்துச் சொன்னோம். வந்தவர் அப்படிப்பட்டவர் என்று சொல்ல எமக்கு ஆதாரமில்லை. அவர் கேட்ட பத்திரம் அதற்கு இடமளிக்கும் என்பது மட்டும் உறுதி.

மூன்றாமவர் மொறட்டுவையிலிருந்து வந்த ஒரு சிங்கள இளைஞர், பொறியியலாளர். சட்டைப் பையிலிருந்து சிறு காந்தம் ஒன்றை எடுத்துக் கதவு கதவாக வைத்துப் பார்த்தார். மூன்று கதவுகளில் அது ஒட்டாமல் விழுந்தது. முன் இடது கதவிலே கப்பென்று ஒட்டிக்கொண்டது. அவர் நிமிர்ந்து அம்மையாரைப் பார்த்துச் சிரித்தார். “விளம்பரத்தில் எழுதியிருந்தீர்கள். உண்மையா என்று பார்த்தேன், அம்மா” என்று சிங்களத்திலே சொன்னார். பொய்யைக் கண்டுபிடிக்கக் கொண்டுவந்த கருவி மெய்யை உறுதிப்படுத்தியது.

பின்னர் அவர் பயிற்சிப் புத்தகத்தைக் கேட்டார். தமிழ் தெரியாதாகையால் நாமே பக்கம் பக்கமாகப் படித்துச் சொன்னோம். பற்றரியின் நேர்முனையே உடலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, இக்காலத்து வழக்கப்படி மாற்றிப் பூட்டினால் கெடும் என்று பெரியவர் சிவப்பு மையினால் அடிக்கோடிட்டிருந்த வரியைக் கேட்டபோது அந்த இளைஞர் தம் குறிப்பேட்டிலும் சிவப்பு மையினாலேயே எழுதிக்கொண்டார். அவர் தரக்கூடிய தொகையோ தரகரின் ஆள் சொன்னதில் நாலில் மூன்று பங்கு. அதற்குமேல் தம்மிடம் இல்லையென்று ஒளிக்காமற் சொன்னார். இலக்கத் தகட்டின் பழைய எழுத்துக்களை மாற்றவேண்டி வருமோ என்று அம்மையார் வினவியதற்கு, “அது இந்தக் காரின் பெயரல்லவா, அம்மா? பெயரை ஏன் மாற்றவேண்டும்?” என்றார்.

அன்றிரவு அம்மையார் கணக்குப் போட்டார். நாலில் ஒரு பங்கு குறைவென்றால் இரண்டு சோடி காப்பு மீளாது. கூரையும் இன்னொரு மாரிக்குக் காத்திருக்க வேண்டும். இது சிறிய இழப்பன்று. பெருந்தன்மையைப் பற்றி எழுதுவது எளிது. ஒழுகும் கூரையின் கீழிருந்து அதனைக் கடைப்பிடிப்பது வேறு. அவர் எம்மிடம் சொன்னது இவ்வளவே: “காப்பு என்ரை. பேர் அவற்ரை. அவற்ரை பேரிலை ஒரு வழக்கு வந்திடக்கூடாது.”

அடுத்த வாரம் இருவரும் நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ஒன்றாகவே சென்று, விற்றவர் தரவேண்டிய அறிவித்தலையும் வாங்கியவர் தரவேண்டிய விண்ணப்பத்தையும் ஒரே நாளிற் கையளித்தனர். பெரியவரின் பெயரிலிருந்த புத்தகம் முன்னரே சட்டப்படி அம்மையார் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தது. அதற்கே பல மாதங்கள் சென்றன என்பதையும், குடும்பத் தலைவர் மறைந்த வீடுகள் இக்காரியத்தைத் தள்ளிப்போடலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கின்றோம். மரக்காலை அன்பரின் மகன் வந்து, தந்தை அன்று தள்ளிய அதே வண்டியைத் தாமும் வீதிவரை ஒரு கை தள்ளிவிட்டார். தள்ளவேண்டிய தேவை இருக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டிலே பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். புதுப்பிக்கச் செலவிட்ட பணம் முழுவதும் விலையிலே திரும்பி வருமென்று எதிர்பாராதீர்கள். அப்பணத்தின் ஒரு பகுதி மகிழ்ச்சியாக முன்னரே அனுபவிக்கப்பட்டுவிட்டது. செய்த வேலைகளை எழுதி வையுங்கள். எழுதாத வேலைக்கு வாங்குபவர் விலை கொடார். அசல் பாகம் பழுதென்று கழற்றினாலும் வீசிவிடாதீர்கள். குறையை நீங்களே முதலிற் சொல்லுங்கள். பிறர் கண்டுபிடித்த குறை பத்து மடங்கு பெரிதாகிவிடும். எத்தனை பெரிய தொகை தந்தாலும், பெயர் நிரப்பாத பத்திரத்தில் ஒப்பமிடாதீர்கள்.

இனி ஓர் உலகச் செய்தி. றோவர் என்ற பெயரில் கார் செய்துவந்த கடைசி ஆங்கிலக் கம்பனி 2005ஆம் ஆண்டில் முறிந்து போயிற்று. 2008இல் ஜகுவார், லான்ட் றோவர் கம்பனிகளை இந்தியாவின் டாட்டா நிறுவனம் வாங்கியபோது, றோவர் என்ற பழம்பெயரும் அவற்றோடு சேர்ந்து கைமாறியது. கொவன்றியிலே சைக்கிளாகப் பிறந்த பெயர் இன்று பம்பாய்க்காரருக்குச் சொந்தம்! துரை விற்றதைப் போர்மன் வாங்கினார். போர்மன் வைத்திருந்ததைப் பொறியியலாளர் வாங்கினார். பொருள்கள் இப்படித்தான் கைமாறிக்கொண்டே செல்லும். எவர் கையிலும் அவை நிலைப்பதில்லை. நம் முறை முடியும்போது அடுத்த கையிலே என்ன நிலையில் ஒப்படைத்தோம் என்பது ஒன்றே நம் பொறுப்பு. பெரியவர் அதனைப் புட்டியிலிட்ட ஆணிகளால் நிறைவேற்றினார். அம்மையார் ஒரு கதவைப் பற்றிய உண்மையால் நிறைவேற்றினார்.